நான்கு விரற்கடை

லோஹ்யாவில் மூழ்கிப்போன சுண்ணாம்புச் சுரங்கம்.
தண்ணீர் நான்கு டிகிரி.
ஸ்கூட்டரை விற்றவன் ஊர்ஹோ, நெட்டையன்.
இழுகயிறு அவன் கைக்கு அளந்து கட்டியது.
எனக்கு விசை எட்டவில்லை;
எட்டிப் பிடித்தால்
தோளைக் கழற்றப் பார்க்கிறது.

பனிக்கட்டி விளிம்பில் துய்ரே விளக்கைப் பிடிக்க
முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன்.
அவ்வளவு இறுக்கம், மனுஷன் பிடிவாதக்காரன்.
நான்கு விரற்கடை அறுத்தேன்.
மூக்கிலிருந்த ஈயத்திலும் பாதியை எடுத்தேன்:
அவன் ஓட்டியது உப்புக்கடலில்.

மறுபடி இறங்கினோம்.
இப்போது இழுபடுவது இடுப்பு;
கை வெறுமனே திசை சொல்கிறது.
துருப்பிடித்த தண்டவாளம், கவிழ்ந்த தள்ளுவண்டி,
யாரோ சுவரில் கிறுக்கிய கூலிக்கணக்கு
பின்னால் ஓடின.
விசையை விட்டேன்.
மூழ்கவில்லை, மிதக்கவில்லை,
என்னருகே சும்மா நின்றது.

மேலே பனியில் கிடக்கும்
ஊர்ஹோவின் கை,
நான்கு விரற்கடை மட்டும்.