அலகு ஒன்று

கொட்டகலைக்கும் லிந்துலைக்கும் நடுவே
நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் மின்சார மீட்டரை
மாதம் ஒருமுறை வாசிக்கிறவன் நான்.
நாய்களின் பெயர் தெரியும்.
பூக்களின் பெயர் தெரியாது.

முதல் ஓர்கிட்டை
பேராதனைப் பாதையோரம் வாங்கினேன்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்,
கினிகத்தேனை வளைவுகளில்
அதற்குத் தலைசுற்றுமோ என்ற பயத்தோடு.

தேயிலையே தழைக்கிற மண்ணாச்சே என்று
கறுத்த மண்ணை வாளியில் அள்ளி வந்து
கழுத்துவரை புதைத்தேன்.
காலையில் ஒரு டம்ளர். மாலையில் ஒரு டம்ளர்.
ஞாயிறு என்றால் கூட ஒன்று.

மூன்றாம் கிழமை இலை மஞ்சளானது.
தாகம் என்று நினைத்தேன்.
பிடுங்கிப் பார்த்தபோது
வேரின் தோல் ஈரப் பீடித்துண்டுபோல்
விரலோடு உரிந்து வந்தது.
உள்ளே நூல் மட்டும் மிச்சம்.

"கொன்னுட்டு, கழுவி வேற பாக்குறீங்களா?"
என்றாள் யோகமலர்,
சோற்றுப்பானையை இறக்கியபடி.

இரண்டாவதை யாரும் விற்கவில்லை.
ரதல்லைப் பக்கம் ஒரு பங்களாவில்
தொட்டி மாற்றிய நாள்.
குப்பைமேட்டில் நான்கு குமிழ்கள்,
இலையில்லை, வேரில்லை,
கடையில் விலைபோகாத வெங்காயம் மாதிரி.
"சிம்பிடியம். பூத்து முடிஞ்சது. வேணும்னா எடுங்க"
என்றான் தோட்டத்தில் நின்ற டிலக்ஸன்,
பத்தொன்பது வயது, காதில் இயர்போன்.
"மண்ணுல மட்டும் வெச்சிராதீங்க."
அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

மண்ணில்லாமல் வாழ்வதைச் சொன்னால்
எங்கள் லயத்தில் யாரும் அதிசயப்படமாட்டார்கள்.
காணி உறுதி கேட்காத செடி என்று
கையேட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டேன்.
அதற்கு இருக்கிற பாடு போதும்,
நம்முடையதை வேறு ஏன் சுமக்கவேண்டும்.

அடுப்புக்கரி.
உடைத்த செங்கல்.
அவிசாவளை பஸ் கண்டக்டர் கொண்டுவந்து போட்ட
தேங்காய் மட்டை, சின்னச் சின்னதாய் வெட்டி.
கூரைத் தகரத்தின் கீழே,
வெயில் வரும், மழை வராத இடம்.

தண்ணீர் எப்போது என்பதுதான் பிடிபடவில்லை.
விரலை விட்டுப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன்.
நாள் குறித்துப் பார்த்தேன்.
பார்த்துச் சலித்த யோகமலர்
ஒருநாள் தொட்டியை ஒற்றைக் கையால் தூக்கினாள்.
இருபத்திரண்டு வருஷம் கொழுந்து சுமந்த கை.
தராசுக்காரர் அரைக் கிலோ அமுக்கினால்
கூடையை இறக்கும் முன்பே தெரியும் அவளுக்கு.
"இன்னிக்கு வேணாம். வியாழக்கிழமை பாப்போம்."

வியாழக்கிழமையும் வேண்டாம் என்றாள்.

நான் மீட்டர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில்
அதற்கும் ஒரு கணக்குத் திறந்தேன்.
ஜூன்: பூச்சியம்.
ஜூலை: பூச்சியம். காற்று மட்டும்.
ஆகஸ்ட்: வீடு பூட்டு.
செப்டெம்பரில் ஒரு குமிழ் அழுகியது,
கத்தியைத் தணலில் காட்டி வெட்டினேன்,
காயத்தில் கறுவாத்தூள் தடவினேன்.
வீடெல்லாம் வட்டிலப்ப வாசம்.
மகள் ஏமாந்து அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

ஒக்டோபர், மின்சாரம் போன ஓர் இரவு.
ஊர் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருந்தது,
ஏதோ நான்தான் கம்பியை அறுத்தவன் போல.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
மூன்றாம் குமிழின் அடியில்
பச்சையாய் ஒரு முனை,
பென்சில் கூராக்கியதுபோல.

டிலக்ஸனுக்கு கோல் எடுத்தேன்.
"மெதுவா அமுக்கிப் பாருங்க அண்ணே.
உருண்டையா இருந்தா பூங்காம்பு.
தட்டையா இருந்தா இலை."

இரண்டு விரலுக்கு நடுவே
இவ்வளவு சின்னதை
இதற்குமுன் நான் பிடித்ததில்லை.

தட்டை.

"பூ இல்லையா?"
"இல்ல. அதுக்கு இன்னும் மூணு வருஷமாவது போகுமாம்."

முந்தைய வாசிப்பு: 0
இம்மாத வாசிப்பு: 1
செலுத்தவேண்டிய தொகை என்ற இடத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.

இருட்டில் யோகமலர்
தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நாளைக்கும் தண்ணி வேணாம்" என்றாள்.