திருப்பிக் கொடுக்க ஏழு நாள்

ஸெல்வோ என்று பெயர்.
செல்வோம் என்று சொல்லவந்து
கடைசி எழுத்து வாங்கக் காசில்லாமல்
நின்றுவிட்டதுபோல.
ஒரு இலட்சத்து எண்பத்தொன்பதாயிரத்துத் தொளாயிரம்.
யுனிட்டி பிளாஸா, மூன்றாம் மாடி.
எதிர்க்கடையிலும் அதே விலைதான்,
அங்கே பை இலவசம்.

என் பழையதற்குப் பத்து வயது.
பற்றரி செத்து, வயரில் உயிர்.
விசிறி சுற்றினால் பக்கத்து வீட்டுக்காரர்
மாவரைக்கிறீரா என்று கேட்பார்.
அதெல்லாம் பொறுத்தேன்.
போன ஆவணியில் ற போனது.

புதுக்கடையில் நான்
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பக்கக் கணக்கில் பிழைப்பு.
ற இல்லாமல் என் மேசையில்
ஒருவரும் பிறக்க முடியாது,
இறக்க முடியாது,
பெற்றோர் கிடையாது,
காணி உறுதி கிடையாது.
இருந்தேன், அது வரும்.
இருப்பேன், அதுவும் வரும்.
இருக்கிறேன் மட்டும்
நடுவில் ஓட்டையோடு நிற்கும்.

ஆகவே எட்டு மாதமாக
ஒரு பழைய கோப்பைத் திறந்து
அந்த எழுத்தை மட்டும் பிரதியெடுத்து
தேவையான இடமெல்லாம் ஒட்டுகிறேன்.
கஸ்பார் இன்னாசிமுத்து, முகத்துவாரம்,
துறைமுகத்தில் எடை எழுதியவர்,
வயது அறுபத்தெட்டு. இறப்புப் பத்திரம்.
இவரை நான் கண்டதில்லை.
இவருடைய ற-வில்
இதுவரை நாற்பது பிள்ளைகளாவது பிறந்திருக்கும்.

வாங்கலாமா என்று நாலு பேரைக் கேட்டேன்.

நொத்தாரிசு வைரவநாதன், "வாங்காதேயும்" என்றார்.
அவருடையதின் பிணைச்சல் வருடம் முடியுமுன் விட்டுவிட்டதாம்.
திரை பின்னால் சாயாமல்
தொண்ணூற்றுநாலாம் ஆண்டுக் காணி வழக்கொன்றை
முண்டுகொடுத்து வைத்திருக்கிறார்.
வழக்கும் முடியவில்லை,
திரையும் விழவில்லை.

மிஸிஸாகா மச்சாள், "சீ, அதெல்லாம் ஒரு பிறாண்டே?"
நல்ல பிறாண்ட் எது என்று சொன்னாள்.
அதன் விலையை நான் சொன்னதும்
அவளுக்கு வேறு கோல் வந்துவிட்டது.

வெள்ளவத்தையில், குடைக்கடைக்கு மேலே,
திருத்துகிற சுமித்.
அவர் சிங்களத்தில் சொன்னது, என் மொழிபெயர்ப்பில்:
"இந்தச் சாமான் என்னிடம் வருவதில்லை.
பழுதாகாததாலா, ஒருவரும் வாங்காததாலா,
அது எனக்குத் தெரியாது."
பதினாறு வருடத்தில்
இவ்வளவு நேர்மையான சாட்சியத்தை
நான் கோட்டில் மொழிபெயர்த்ததில்லை.

நாலாவது ஆள் நான்.
என்னைக் கேட்டால், பதில் நேற்று ஒன்று, இன்று ஒன்று.

கடையில் அஃப்கார் என்ற பொடியன்.
மூடியைப் பதினொரு தரம் திறந்து மூடினேன்.
பிணைச்சல் ஒன்றும் சொல்லவில்லை.
தமிழ் விசைப்பலகையை நானே தேடிப் போட்டேன்.
இருக்கிறேன் என்று அடித்தேன்.
வந்தது.
இருக்கிறேன் இருக்கிறேன் இருக்கிறேன்,
ஒரு வரி முழுக்க,
யாரிடமும் கடன் வாங்காமல்.

அவன் எட்டிப் பார்த்தான்.
"மத்தவங்க தங்கட பேரத்தான் அடிச்சுப் பாப்பாங்க, மிஸ்."
பிறகு, மெதுவாக,
"நாளைக்கு டொலர் ஏறுமாம்."
ஏறுமா, இறங்குமா,
இருபத்துநாலு தவணைக்குக் கையெழுத்து வைத்தேன்.
"சீல் உடைக்காட்டி ஏழு நாளைக்குள்ள திருப்பித் தரலாம்,"
அதை அவன் சொல்லியிருக்கவே வேண்டாம்.

நூற்றொன்று பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து,
மழைக்கு என் சால்வையை அதற்குப் போர்த்தி,
நான் நனைந்து வந்தேன்.

இப்போது அது மேசையில், ஒட்டுநாடாவோடு.
இன்றைய நாளைக் கழித்தால் ஆறு.
நாளை காலை ஒன்பதுக்கு
ஒரு பிறப்புப் பத்திரம் கொடுக்க வேண்டும்.
பெண் பிள்ளை. மூன்றரைக் கிலோ.
பெயர் நிறைமொழி.
தாய் தகப்பன் யோசிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

பழையதை வயரில் செருகுகிறேன்.
மாவரைக்கத் தொடங்குகிறது.
இன்னாசிமுத்து ஐயா,
இன்னும் ஒரு தரம்.