ரத்து செய்

பதினெட்டாயிரம் பேருள்ள கம்பனியில்
என் பங்கு ஒரு பொத்தான்.
அதை இடமிருந்து வலம் நகர்த்த
எட்டு மாதமாய்க் கூட்டம்.

வாப்பாவின் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்:
ஒரு கேள்வி கேட்காமல்
கம்பனிக் காப்புறுதி கட்டியது.
கல்முனைக் கடையில் கணக்கெழுதிய நாளில்
முதலாளி மருந்துத் துண்டை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.
பேரை மட்டும் சரியாகச் சொல்வார்.

டென்வர்க்காரனுக்குச் சிஃபானா இன்னும் 'ஷிபி'.
போன வெள்ளி நுஸ்கியின் பேர்
பட்டியலில் சாம்பல் நிறமானது,
பாதி எழுதிய பதிலோடு.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை; நானும்.

சாய்ந்தமருதில் இரவு பதினொன்று நாற்பது.
கரண்ட் போனது.
மறுகா, இருட்டில்,
உள்ளறையிலிருந்து வாப்பாவின் குறட்டை
ஏறி, இறங்கி, ஏறி.

போன் டேட்டாவில் திரும்பவும் நுழைந்தேன்:
"மன்னிக்கவும். இடமா, வலமா?"