டிக்

திங்கள்சந்தையிலிருந்து இரணியல் போகும் ரோட்டில்
ரப்பர் ஷீட் காயப்போட்ட மதிலுக்கு அடுத்தது பட்டறை.
தூறல் விழுந்தால் அக்கம்பக்கத்தார்
துணி எடுக்க ஓடுவார்கள்.
நான் தார்ப்பாயோடு
சூட்டில் கிடக்கும் இரும்பிடம் ஓடுவேன்.

இன்று வந்திருப்பது
மணவாளக்குறிச்சிப் பக்கத்தில்
மணல்குழம்பு இறைக்கும் பம்பின் உள்சக்கரம்.
ஐந்து இதழ்.
கறுத்த மணலும் சிவந்த மணலும்
கால்விரல் இடுக்கில் எவ்வளவு மிருது.
தண்ணீரோடு சேர்ந்து ஓடும்போது
அதற்குப் பல் முளைத்துவிடுகிறது.
அப்பள ஓரம்போல் மெலிந்த நுனியை
வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
ஊசித்துளை வழியே
எதிர்வீட்டு முருங்கை தெரிந்தது.

மெத்தென்ற கம்பியில் ஒரு படலம்.
அதன்மேல் கடினம்,
அரம் வைத்தால் அரம் வழுக்கும் அளவுக்கு.
உருகியது ஆறும்போது சுருங்கப் பார்க்கும்.
அடியில் இருக்கும் பழைய இரும்பு
அசையமாட்டேன் என்று நிற்கும்.
சூடு போய்விடும்.
இழுப்பு போகாது.
எஞ்சிய தகைவு என்று
ஐ.டி.ஐ. பரீட்சையில் எழுதி
இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
எங்கள் பக்கத்தில் அதை
வெப்ராளம் என்போம்.

போன வருடம் ஒரு சக்கரத்துக்கு
இன்ஸ்பெக்டர் பிரைட்சிங் சிவப்புச் சாயம் அடித்தார்.
துடைத்தார். வெள்ளை தெளித்தார்.
பொறுத்திருந்தோம்.
விரற்கடைக்கு ஒன்றாக
வெள்ளையில் சிவப்பு நூல் எழும்பி வந்தது.
"நாப்பத்தி மூணு விரிசல்,
இதுக்கா பில்லு போட்டிருக்க?"
குறுக்கு விரிசல் சார், மேல்படலத்தோடு நின்றுவிடும்,
அது அப்படித்தான் மூச்சு விடும் என்றேன்.
மூச்சுக்கு ஃபார்மில் கட்டம் இல்லை என்றார்.

சரி என்று எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன்.
கூடுதலாகச் சூடேற்றி, திரும்பப் பூசி,
சுண்ணாம்புப் பொடியில் புதைத்து
இரண்டு நாள் தொடவில்லை.
எடுத்தபோது
முட்டைத்தோடு மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை.
சாயம் அடித்தார். வெள்ளை வெள்ளையாகவே நின்றது.
"கொள்ளாம்."
கையெழுத்து. சீல்.

லாரி வரத் தாமதம். மூன்றாம் நாள் ராத்திரி
இரண்டே கால் மணி.
வெடி போட்டதுபோல் ஒரு சத்தம்.
நாய் குரைத்தது, கைக்குழந்தை எழுந்தது,
டார்ச்சோடு ஓடினேன்.
யாரும் தொடவில்லை, எதுவும் விழவில்லை.
நான்காம் இதழின் பூச்சு மொத்தமும்
பலாத்தோலை உரித்ததுபோல் எழும்பி
எட்டடி தள்ளிக் கிடந்தது.
குனிந்து எடுத்தேன்.
சில்லென்று இருந்தது.

அந்த நஷ்டத்தில்
தாலிச்செயினில் பாதி
தக்கலையில் இருக்கிறது இன்னும்.
பிரைட்சிங் அதன்பிறகு
சாயம் அடிப்பதில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
அடிக்கிறார். எண்ணுகிறார்.
சில பில் வருகிறது,
சிலதுக்கு மூன்று முறை நடக்கவேண்டும்.

இப்போது மணி எட்டு.
கடைசி இதழையும் பூசி முடித்து
முகமூடியைக் கழற்றி வைத்தாயிற்று.
அனிஷ் தூக்குவாளியைத் திறக்கிறான்,
மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும்.
இரண்டு பேரும் பேசுவதில்லை.

டிக்.

அவன் ஒரு விரல் மடக்குகிறான்.
மீன்முள்ளை ஓரமாக வைக்கிறேன்.

டிக். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

மூன்றாம் இதழில் ஆறு, முதலாவதில் ஏழு.
ஐந்தாவதிலும் ஆரம்பித்துவிட்டது.
இரண்டாவது இதழ் மட்டும்
இதுவரை வாய் திறக்கவில்லை.

"அக்கா, சோத்தத் தின்னுங்க, ஆறிப்போவும்" என்கிறான்.
கை கறியிலேயே இருக்கிறது.
ஓட்டுக்கூரையில் மழை தொடங்குகிறது,
சத்தம் கேட்கவிடாமல்.