இடக்கைக் கத்தி

லொறி வில்லில் வெட்டிய துண்டு.
பதினோரு வருடம் ஹட்டன் வளைவுகளில்
தேயிலைப் பெட்டி சுமந்து குனிந்து நிமிர்ந்தது.
உள்ளே இரும்பு, இரும்புக்குள் கொஞ்சம் கரி,
ரொட்டி மாவில் உப்பளவுக்குத்தான்.
குறைந்தால் கூர் நிற்காது.
கூடினால் கண்ணாடி.

தவமலருக்கு இடக்கை.
கவ்வாத்துக்குப் பேர் விழுந்த அன்றே
ஸ்டோர் கத்தியோடு வந்து நின்றாள்:
"இது வலக்கைக்குத் தீட்டினது அண்ணே.
கிளை பிளக்குது,
கங்காணி என்னையத்தான் ஏசுறாரு."

சாமிமலை பஸ் தரிப்புக்குக் கீழே என் பட்டறை.
சலூனில் எறிந்த ஹேர் டிரையர்தான் துருத்தி.
மங்கல் சிவப்பில் அடித்தால் முரண்டு பிடிக்கும்,
ஆரஞ்சில் சொன்னபடி கேட்கும்,
வெள்ளையில் பொறி பறக்கும்.
அது கரி எரிந்து போகிற பொறி.
முதல் கத்தியை அதுவரை விட்டுவிட்டேன்,
கொழும்பிலிருந்து தங்கச்சியின் போன்.

அப்படியே பீலித் தண்ணியில் முக்கினேன்.
ஜனவரிப் பீலி, விரல் விறைக்கும்.
டிக்.
பல்லி சொன்ன மாதிரி, அவ்வளவுதான்.
வைஸில் வைத்துத் தட்ட இரண்டானது.
சல்லடையில் ஆறு வருடம் நின்றவள்
முறிவைப் பார்த்துச் சொன்னாள்:
"பி.ஓ.பி. மாதிரி மணி மணியா இருக்கே."
ஆமாம். டஸ்ட் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கத்திக்கு
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டினேன்.
இரும்பு இழுத்தது, இழுத்தது,
செவ்வரத்தைச் சிவப்பு தாண்டியதும்
விட்டது.
இன்னும் ஒரு மூச்சு. பிறகு
இளஞ்சூட்டுக் கழிவு எண்ணெயில், முனை முன்னால், நேராக.
புகை தகரத்தை முட்டியது.
காது கொடுத்து நின்றோம். டிக் இல்லை.

அரம் வழுக்கியது. அது நல்லதுதான், ஆனால்
இந்தத் திமிரோடு அனுப்பினால்
முதல் கட்டையிலேயே பல் தெறிக்கும்.
ஒரு பக்கம் தேய்த்து மினுக்கி
அடுப்புத் தகட்டில் மறுபடி வைத்தேன், மெல்ல.
வைக்கோல் நிறம் ஊர்ந்து வந்தது,
பின்னாலேயே சாயம் இறங்கிய பிளேன்டீ,
அதன் ஓரத்தில் கத்தரிப்பூ எட்டிப் பார்த்தபோது
"போதும்" என்றாள்.
சாயம் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில்
பனி கலையுமுன் ஒரு செடி.
இடக்கை கீழிருந்து மேலே இழுத்தது.
சரிந்த வெட்டு. பட்டை கிழியவில்லை,
மழைத் தண்ணி நிற்காது.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"பிடிதான் கொஞ்சம் தடிப்பு."

பையிலிருந்து
உடைந்த முதல் கத்தியின் துண்டை எடுத்தேன்.
மரம் சீவ அது போதும்.