மேலே ஒரு நெளிவு

ஏழு பேர் வேண்டாம் என்றோம். நான் ஏழாவது.
பத்தொன்பது பேர் கையைத் தூக்கினார்கள்,
அதில் பாதிப் பேர்
இந்தக் குளிருக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதற்காக.

டெக்சாஸ் எல்லையிலிருந்து வந்தார்
போதகர் ஒதிலியா பேஞா,
செருப்புக்குச் சற்றே கூடுதலான ஒன்றை மாட்டிக்கொண்டு.
வடக்கு டகோட்டா. ஜனவரி.
ஆர்டிஸ் மட்டும் செத்துப்போன கணவனின் பனிக்காலணியைக்
கதவருகே வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

சாலையோரப் பலகையில் எழுத்து மாட்டுவது என் வேலை,
முப்பத்தோரு வருஷமாக.
பெயரை மாட்டினேன். காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.
"இப்படி எழுதினால் எங்கள் மொழியில் துயரம், லைல்.
மூன்றாம் எழுத்தின் தலையில் ஒரு நெளிவு வேண்டும்.
அது இருந்தால் பாறை."
பெட்டியில் நெளிவு இல்லை என்றேன்.
சரி என்றார்.

பிரசங்கம் நீளம்.
பாட்டை விரட்டுகிறார், ஆர்கனில் கெர்டாவுக்கு மூச்சு வாங்குகிறது.
அப்பம் தரும்போது நேராகக் கண்ணைப் பார்க்கிறார்.
எங்களுக்கு அது பழக்கமில்லை,
வீட்டில்கூட.

ஏப்ரலில் பனி இறங்கி மூலைக்கல் வெளியே வந்தது.
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.
என் தாத்தாவின் அப்பா செதுக்கியது, நார்வே மொழி.
சுற்றி நின்றோம், காபிக் கோப்பைகளோடு.
ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.
ஒரு வட்டத்தின் குறுக்கே கோடு ஓடியது.
அதை மட்டும் விரலால் தடவினார்.
ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்,
கோபத்தைத் தயாராக வைத்துக்கொண்டு.
சொல்லவில்லை. மண்ணைத் தட்டிவிட்டு
உருளைக்கிழங்கு ஆறிவிடும் என்று உள்ளே போனார்.

அன்று ராத்திரி பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன்.
சின்ன அளவில் எஸ் நான்கு கிடந்தன.
ஒன்றைப் படுக்கவைத்துப் பார்த்தேன்.
ஏணி, டார்ச், பல்லுக்கிடையே கம்பி.

ஞாயிறு, ஆராதனை அறிவிப்பில் ஒரு எழுத்துக் குறைந்தது.
"பிழை இருக்கிறது, லைல்" என்றான் டெல்பர்ட்.
அவனும் ஏழில் ஒருவன்.
தெரியும் என்றேன்.

அவர் பார்த்தாரா? பார்த்திருப்பார்.
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று
ஒரு வாரம் கழித்துச் சொன்னார், உப்பு இல்லை என்பதுபோல.

இங்கே காற்று அடிக்காத நாளில்லை.
அடித்தால் முதலில் விழுவது அதுதான்.
விழுந்த காலையில்,
நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்களுக்கெல்லாம்
எங்கள் போதகர் துயரம்.

ஏணியை இப்போதெல்லாம்
வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை.