சலவை இயந்திரத்துக்கு ஒரு செல்லோ

ஜூலை பிறந்தால் எங்கள் தீவில்
மீனைவிடக் கலைஞர்கள் மலிவு.
பழைய தீயணைப்பு நிலையத்தில் சீட்டுக் குலுக்கி
வீட்டுக்கு ஒருவராகப் பங்கிடுவார்கள்.
பாதிரியாருக்கு டிராம்போன்காரன்,
கடைக்கார ஊர்வேவுக்கு
ரீகாவிலிருந்து செல்லோக்காரி ஜிந்த்ரா,
எனக்குத் தாலின் நகரத்துக் கவிஞன்.
ஒரு மாதம் தங்கி எழுத வேண்டும்,
ஆகஸ்டில் சொல்லும் இசையுமாய் விழா நடக்கும்போது
மேடையேற வேண்டும்.
விரிப்புக்கும் காலைக் காப்பிக்கும்
எனக்கு நாளொன்றுக்குப் பதினைந்து யூரோ.

பிரீடிக் என்று பெயர்.
பேனா மூடியைக் கடித்தபடி
மாடியறையில் நடப்பான், நடப்பான்.
ஏழாவது பலகை மட்டும் முனகும்.
எழுதியதற்கு ஒரு தடயமும் கிடையாது,
குப்பைக் கூடை நிறைய ஆப்பிள் விதைகள்.
சவுனாவுக்கு விறகு பிளக்கச் சொன்னேன்.
கோடரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"என்ன ஒரு வளைவு!" என்றான்.
நானே பிளந்தேன்.

அவன் வந்த முதல் வாரமே
சலவை இயந்திரம் படுத்துக்கொண்டது.
மாதம் முழுக்கத் தொலைபேசியும் கையுமாக நான்.
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, காத்திரு.
காத்திருக்கும்போது ஒரு புல்லாங்குழல் வேறு.

விழாவின் மூன்றாம் இரவு மழை.
அறுபத்து மூன்று நாற்காலி போதாமல்
மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டோம்.
டிராம்போனுக்குக் கால்யுவின் நாய் ஊளையிட்டது.
சிலர் அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு என் கவிஞன்.
பக்கத்தில் ஜிந்த்ரா, முழங்காலிடையே செல்லோ.
தாளைப் பிரித்து வாசிக்கிறான்:

*இல்லை ஐயா, தண்ணீர் உள்ளே போகிறது,
வெளியே வரத்தான் மறுக்கிறது.*

செல்லோ அடித்தொண்டையில் உருண்டது.

*கோபமில்லை. என் குரலே இப்படித்தான்.*

*நான்கை அழுத்திவிட்டேன் ஐயா,
நான்கை அழுத்தி அழுத்தி நகமே தேய்ந்துவிட்டது.*

கூடம் குலுங்கிச் சிரித்தது.
ஊர்வே திரும்பி என்னையே பார்த்தாள்.
காது மடல் இரண்டும் கொதித்தன எனக்கு.
வாடகைக்கு விட்டது அறையைத்தானே,
வாயையுமா?

வரி வரியாக என் ஜூலை போனது.
திங்களன்று திட்டியது,
புதனன்று கெஞ்சியது,
உதிரிபாகம் வருமென்று நம்பிப்
பெருமூச்சு விட்டதுகூட.
அடுத்தது வியாழன் என்று
திடுக்கென உறைத்தது.
நான்காம் வாரத்து வியாழன்.

அன்று நான் அழைத்தது நிறுவனத்தையல்ல.
பதினோரு வருடம் கழித்து
என் தங்கை மாய்முவை.
ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்,
மறுமுனையில் மூச்சுகூடக் கேட்கவில்லை.
மேலே ஏழாவது பலகை
சட்டென்று நின்றது நினைவிருக்கிறது.

பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவன் தாளைப் பார்த்தான்.
வாயை மூடிக்கொண்டான்.
ஜிந்த்ரா வில்லை வைத்து
ஒரே சுரத்தை இழுத்தாள்,
நுனியிலிருந்து அடிவரை,
மறுபடி அடியிலிருந்து நுனிவரை.
கூரையில் மழை கேட்டது.
யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள்.
அந்த வாக்கியம் இவ்வளவு நீளமென்று
சொன்னபோது எனக்குத் தெரியாது.

பிறகு அவன் வெள்ளிக்கிழமைக்குப் போனான்.
*வணக்கம், மறுபடியும் நான்தான்.*
மறுபடியும் சிரிப்பு.

சூப்புப் பானையருகே வந்து நின்றான்.
"வருத்தமா, ஹெல்வே?"
"பதினைந்து யூரோ போதாது" என்றேன்.
ஜிந்த்ரா விஷயம் தெரியாமலே
என் கையைப் பிடித்து அழுத்தினாள்.
அவள் விரல்நுனிகள் கொம்புபோல் இருந்தன.

காலை ஆறு நாற்பது படகில் எல்லாரும் போய்விட்டார்கள்.
சவுனா வாசலில்
கன்னாபின்னாவென்று பிளந்த விறகு.
ஒரு துண்டும் இன்னொன்றைப்போல் இல்லை,
பாதி அடுப்புக்குள் நுழையாது.

திங்களன்று ஒருவழியாக மெக்கானிக் வந்தான்.
வடிகுழாய்க்குள் விரல் விட்டுத் துழாவி
எடுத்து நீட்டினான்:
நீல நிறப் பேனா மூடி,
பற்குறிகளோடு.

நின்ற இடத்திலேயே சிரித்தேன்.
இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்க
ஒரே ஓர் ஆள்தான் எனக்கு.

எண்களை அழுத்தினேன்.
மணி போய்க்கொண்டிருக்கிறது.